ஒண்ணாப்பு ஆசிரியருக்கு ஜூன் மாதம்: பள்ளி திறக்கும் முன் தொடங்கி முதல் முப்பது நாள் வரை

ஒன்றாம் வகுப்பை முதன்முறையாக எடுக்கப்போகும் இளம் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எந்த எழுத்திலிருந்து ஆரம்பிக்கிறது?" முதல் இரண்டு வாரம் எழுத்தைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய் திறந்து பேசட்டும், எழுத்து அதற்கு அப்புறம் வரட்டும். பேசாத பிள்ளைக்கு நீங்கள் எழுதிக்காட்டும் 'அ' ஒரு படம் மட்டும்தான். பேசுகிற பிள்ளைக்கு அது தன் வாயிலிருந்து வந்த ஒலி.

இதை நான் கற்றுக்கொண்டது மல்லாட்டையால். மதுரைப் பக்கம் வளர்ந்த எனக்கு முதல் பணியிடம் விழுப்புரம் மாவட்டத்தில் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் கிடைத்தது. படஅட்டையில் நிலக்கடலையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டேன். பதிலே இல்லை. "கடலை, சொல்லுங்க" என்றேன். எல்லாரும் "கடலை" என்றார்கள். இரண்டு வாரமாக ஒரு சொல்கூடப் பேசாமல் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பையன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "அது மல்லாட்டை, டீச்சர்." மணிலாக்கொட்டை என்பது அந்தப் பக்கத்து வாயில் மல்லாட்டை ஆகியிருக்கிறது. அவன் வீட்டில் அதைத்தான் விதைக்கிறார்கள், ஆய்கிறார்கள், அவித்துத் தின்கிறார்கள். அன்றைக்கு அவனிடம் மல்லாட்டை பற்றிக் கேட்டேன், அரை மணி நேரம் சொன்னான். அதற்குப் பிறகு அவன் சுவரோரம் போய் உட்காரவே இல்லை.

கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக் கிராமத்து அரசு, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியை மனதில் வைத்து எழுதியது. நகரத்துப் பள்ளியில் இருப்பவர்கள் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு

பள்ளி ஜூன் முதல் வாரத்திலோ இரண்டாம் வாரத்திலோ திறக்கும். 2022இல் ஜூன் 13, 2024இல் ஜூன் 10, 2025இல் ஜூன் 2. தேதி முன்பின் ஆனாலும், ஒரு வாரம் முன்பே பள்ளிக்கு ஒருமுறை போய்விடுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து பூட்டிக் கிடந்த கட்டடம் அது. தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கும். ஜன்னல் மேல் குளவி கூடு கட்டியிருக்கும். கோடைமழை பெய்திருந்தால் ஸ்விட்ச் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கும். கழிப்பறைப் பக்கம் புல் முழங்கால் அளவு வளர்ந்திருந்தால் பாம்புக்கு வசதி. தலைமை ஆசிரியரிடம் சொல்லி, ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களை வரவழைத்து, தொட்டியைக் கழுவி, புல்லை வெட்டி, மின்சாரத்தை ஆள் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் ஒரு காரியம் செய்யுங்கள். வகுப்பறையிலும் கழிப்பறையிலும் முட்டி போட்டு நின்று பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கண் இருக்கும் உயரம் அதுதான். கழிப்பறைத் தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிறதா? உள்ளே போட்டுக்கொண்டால் தானே திறந்து வெளியே வரமுடியுமா? குழாய் எட்டுகிறதா, வாளியில் சின்ன மக்கு கிடக்கிறதா? பிள்ளைகள் நாள் முழுக்கச் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கும், அடுத்த நாள் வரமாட்டேன் என்று அழுவதற்கும் பாதிக் காரணம் இந்தத் தாழ்ப்பாள்தான். உங்களால் வேறு எதையும் சரிசெய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

அட்டைகளையும் செயல்களையும் வைத்துப் பிள்ளைகள் தாமாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்த காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கென்று சின்னச் சின்னக் கரும்பலகைகள் வரைந்தார்கள். பல பள்ளிகளில் அவை இன்னும் இருக்கின்றன, நிறம்தான் மங்கிப்போயிருக்கும். ஒரு டப்பா கரும்பலகைப் பெயின்ட் வாங்கிப் பூசிவிடுங்கள். ஒண்ணாப்புப் பிள்ளைக்குத் தாளைவிட, நோட்டைவிட, அந்தச் சுவர்தான் நல்ல இடம். தப்பாகப் போட்டால் கையாலேயே அழித்துக்கொள்ளலாம்.

அதே வாரத்தில் அங்கன்வாடிக்கும் போய்வாருங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் இந்த ஆண்டு ஐந்து வயது முடிகிற பிள்ளைகளின் பட்டியல் இருக்கும். பட்டியலைவிடப் பெரிய செய்தியும் அவரிடம் இருக்கும்: யாருக்குத் திக்குகிறது, யாருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, யாருடைய அம்மா வெளியூரில் வேலை செய்கிறார், எந்தப் பிள்ளை பாட்டியை விட்டு அசையாது. அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, அந்த வீடுகளுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். உங்கள் முகத்தைத் தன் வீட்டுத் திண்ணையில் ஒருமுறை பார்த்த பிள்ளை முதல் நாள் அவ்வளவாக அழாது.

சேர்க்கை: தாளைக் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள்

நம் அம்மா அப்பா காலத்தில் சேர்க்கை என்றால், வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் வயது வந்துவிட்டது. பிறந்தநாள் தெரியாத பிள்ளைக்குத் தலைமை ஆசிரியரே ஒரு தேதி போடுவார். அந்தத் தலைமுறையில் இத்தனை பேருக்குப் பிறந்தநாள் மே, ஜூனில் விழுவது அதனால்தான்.

இன்றைக்கு ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. பிறப்புச் சான்றிதழ் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது. வேறு பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆனாலும், அதற்காகச் சேர்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது. பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு போல எதுவும் வைப்பதும் கூடாது. "ஆதார் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு கூலித் தொழிலாளியைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பினால் பிள்ளையே போய்விடும். சேர்த்து உட்கார வையுங்கள், தாள்கள் பின்னால் வந்து சேரும்.

சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும்போது மட்டும் அவசரம் வேண்டாம். பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். முன்னெழுத்தைத் தமிழிலேயே போடுங்கள். சாதி, மதம் என்ற இடத்தை நிரப்ப விரும்பாத பெற்றோர் அதை வெற்றாக விடலாம். வற்புறுத்தக் கூடாது. பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறாமல் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தால், பெயரைப் பதிவு செய்துவிடச் சொல்லி அன்றைக்கே பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழைக்காக அலைகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பிழை பெரும்பாலும் ஒண்ணாப்பு ஜூன் மாதத்தில் யாரோ அவசரத்தில் எழுதியதாக இருக்கும்.

பள்ளியில் எல்லாருக்கும் தெரிய, கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை இன்னும் இரண்டு: வீட்டில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார்கள், சாயங்காலம் அழைத்துப்போக யார் வருவார்கள். இரண்டாவதற்குப் பெயர், உறவு, கைபேசி எண் மூன்றும் வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவர் வந்து நின்றால், நமக்குத் தெரிந்த முகமாகவே இருந்தாலும், வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

முதல் நாள்

அழும். பாதிப் பேராவது அழும். ஒன்று அழ ஆரம்பித்தால் பக்கத்திலிருப்பதும் சேர்ந்துகொள்ளும். இதற்காகப் பயப்பட வேண்டாம்.

நான் கண்டிப்பாகச் செய்யாத ஒன்று, அம்மாவை வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்துவது. "கொஞ்ச நேரம் அழுதுட்டு அடங்கிடும்" என்று சொல்வார்கள். அடங்கும்தான். ஆனால் பள்ளிக்கூடம் என்றால் அம்மாவைப் பிரிக்கிற இடம் என்று அந்தப் பிள்ளைக்குள் ஏறிவிடும், அதை இறக்கிவைக்க மாதங்கள் ஆகும். முதல் மூன்று நாள் அம்மாவோ பாட்டியோ கூடவே வரட்டும். முதல் நாள் வகுப்பில் பாயில் உட்காரட்டும். இரண்டாம் நாள் வாசல் திண்ணைக்கு நகரட்டும். மூன்றாம் நாள் மரத்தடிக்கு. போகும்போது பிள்ளைக்குத் தெரியாமல் நழுவக் கூடாது. "சாப்பாட்டு மணி அடிச்சதும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும், சொன்னபடியே வந்துவிடவும் வேண்டும். வேலையை விட்டு வர முடியாத வீடுகளும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு நாலாம், ஐந்தாம் வகுப்பிலிருந்து ஓர் அக்காவையோ அண்ணனையோ பக்கத்தில் உட்காரவைத்துவிடுங்கள். பெரிய பிள்ளைகள் இந்த வேலையை எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும்.

காலை வழிபாட்டில் ஒண்ணாப்பை முன் வரிசையில் வெயிலில் நிறுத்தாமல் நிழலில் உட்காரவையுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மட்டும் எழுந்து நின்றால் போதும். முடிந்ததும் பள்ளியைச் சுற்றிக் காட்டுங்கள். இதுதான் சமையலறை, இதுதான் ஆயாம்மா, இது குழாய், இது கழிப்பறை, இது பெரிய சார் அறை. கழிப்பறைக்கு ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்து மூடிக் காட்டுங்கள். "டீச்சர், ஒண்ணுக்கு" என்று சொன்னால் போதும், யாரும் திட்டமாட்டார்கள் என்பதை அன்றைக்கே நான்கு முறையாவது சொல்லுங்கள்.

அதன் பிறகு களிமண். ஒரு வாளிக் களிமண்ணைக் குழைத்து நடுவில் வைத்துவிட்டால் முதல் நாள் பாடத்திட்டம் முடிந்தது. கையில் மண் இருக்கிற பிள்ளை அழாது. என்ன செய்தாய் என்று கேளுங்கள். "தோசை" என்று சொல்லும், "பாம்பு" என்று சொல்லும். யாருக்குத் தோசை என்று பக்கத்துப் பிள்ளை கேட்கும். அங்கே பேச்சு தொடங்கிவிடும்.

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர். அதற்குக் கீழே, அந்தப் பிள்ளை தானாக உங்களிடம் சொன்ன முதல் வாக்கியத்தைத் தேதியோடு எழுதுங்கள். கேள்விக்குச் சொல்கிற பதில் கணக்கில் வராது. அதுவாக வந்து சொன்னதாக இருக்கவேண்டும். எழுத்து எதுவும் திருத்தாமல், அது சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். 'ஆயா ஆட்டுக்குத் தழ ஒடிக்கப் போயிருக்கு' என்றால் அப்படியே. முதல் மாதம் முழுக்க நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை இந்த நோட்டு காட்டும். வேறு எந்தப் பதிவேடும் அதைக் காட்டாது.

தட்டு

சாப்பாட்டு நேரத்தையும் வகுப்பு நேரமாகவே நினையுங்கள். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் போனது. கஞ்சிகூடக் குடிக்காமல் வந்து பத்தரை மணிக்கெல்லாம் சுருண்டு படுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இப்போது காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதாவது ஒன்று சூடாக வயிற்றுக்குள் போன பிறகே வகுப்பு ஆரம்பிக்கிறது. ஒண்ணாப்பில் அந்த வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

முதல் வாரம் நீங்களும் கூடவே உட்காருங்கள். சோப்பு போட்டுக் கை கழுவுவதைச் செய்து காட்டுங்கள். முதலில் கொஞ்சமாக வைக்கச் சொல்லுங்கள், கேட்டால் மறுபடி வைக்கலாம். தட்டு நிறைய இருந்தால் சின்னப் பிள்ளை மிரண்டுவிடும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு, அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படும் பிள்ளை யார் என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யாருடைய தட்டைத் தொட யார் தயங்குகிறார்கள். ஊரின் தெருப் பிரிவுகள் ஐந்து வயதுப் பிள்ளையிடமும் வந்துவிடுகின்றன, அது கேட்டதைச் செய்கிறது. முதல் நாளிலிருந்தே எல்லாரும் கலந்து வட்டமாக உட்காரும்படி வைத்துவிட்டால், அதுதான் இந்தப் பள்ளியின் வழக்கம் என்று ஆகிவிடும். யாராவது பெற்றோர் வந்து கேட்டால், இங்கே இப்படித்தான் என்று அமைதியாக, உறுதியாகச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே கிடையாது.

முதல் இரண்டு வாரம்: பேச்சு, ஆட்டம், கோடு

தினமும் ஒரு கதை சொல்லுங்கள். புத்தகத்தைப் பார்த்து வாசிக்காமல் வாயால், கையை ஆட்டி, குரலை மாற்றிச் சொல்லுங்கள். அதே கதையை மறுநாளும் சொல்லுங்கள். மூன்றாம் நாள் நடுவில் நிறுத்தினால் பிள்ளைகள் முடித்துக் கொடுக்கும். வெளியே போய்க் கல்லா மண்ணா, பூப்பறிக்க வருகிறோம் ஆடுங்கள். ஆட்டத்தில் பேசாத பிள்ளையே இல்லை.

பிள்ளை வீட்டுப் பேச்சில் பேசும்போது திருத்தாதீர்கள். "வந்துச்சு" என்று சொன்னால் "வந்தது என்று சொல்" என்று நிறுத்துகிற அந்த நொடியில், அது சொல்லவந்த செய்தி செத்துப்போகிறது. நீங்கள் பதில் சொல்லும்போது "ஓ, ஆடு வீட்டுக்கு வந்ததா?" என்று கேளுங்கள். காது தானாகப் பழகிக்கொள்ளும். உங்கள் ஊர்ச் சொற்களைக் குறித்து ஒரு பட்டியலும் வையுங்கள். எனக்கு மல்லாட்டை போல உங்களுக்கும் ஏதாவது வரும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ இந்தியோ பேசும் பிள்ளை இருந்தால், அந்த மொழியில் தண்ணீர், சாப்பாடு, வலிக்கிறது, அம்மா வருவாங்க என்ற நாலு சொல்லை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

கைக்கு வேலை: மணலில் விரலால் கோடு, சுவரில் சுண்ணக்கட்டியால் வட்டம், சிலேட்டில் பல்பத்தால் மேலும் கீழும் போகும் கோடுகள். புளியங்கொட்டையைப் பொறுக்கி வரிசையாக அடுக்குவதும் விரலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் எண்ணி வைத்துக்கொடுத்து, எண்ணியே திரும்ப வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்ளும்.

மூன்றாம் வாரத்திலிருந்து எழுத்தும் எண்ணும்

என் வழக்கம், முதலில் பிள்ளையின் பெயர். பெயரைக் கெட்டி அட்டையில் பெரிதாக எழுதி, தினமும் வந்தவுடன் தன் அட்டையைத் தேடி எடுத்து ஆணியில் மாட்டச் சொல்வேன். அதுவே வருகைப் பதிவு. பத்து நாளில் தன் பெயரை அடையாளம் கண்டுவிடும், அடுத்த பத்து நாளில் பக்கத்துப் பிள்ளையின் பெயரையும்.

எழுதுவதற்கு ட, ப, ம மூன்றும் நல்ல தொடக்கம். கை நேர்க்கோட்டில் போனால் ட, இன்னொரு கோடு சேர்த்தால் ப. ம் சேர்ந்துவிட்டால் படம், பட்டம், மடம் என்று உடனே சொற்களாக வாசிக்கலாம். 'அ' எழுதுவது ஐந்து வயதுக் கைக்கு மிகக் கடினம். உயிரெழுத்துகளைப் பாட்டாகவும் ஒலியாகவும் கேட்கட்டும், எழுதுவது பின்னால் வரட்டும்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பை மட்டும் வைத்துப் பார்க்காமல், அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பார்க்கிறோம். ஒரே அறையில் மூன்று வகுப்புகளை வைத்திருக்கும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது கைகொடுக்கிறது. ஆனால் அந்தப் பெயர்கள் ஆசிரியர் கையேட்டோடு இருக்கட்டும். "நீ இன்னும் அரும்பு" என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பொருள் என்ன என்று பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஒண்ணாப்போடு நீங்கள் உட்காரும் நேரத்தில் மற்ற வகுப்புகளுக்குச் செயல்பாட்டுப் புத்தகத்தில் தனியாகச் செய்யக்கூடிய வேலையைக் கொடுத்துவிடுங்கள். இருபது நிமிடம் ஒண்ணாப்புக்கு, பதினைந்து நிமிடம் மற்றவர்களுக்கு என்று ஓடவேண்டியிருக்கும். முதல் மாதத்தில் ஒண்ணாப்புக்குத்தான் கூடுதல் பங்கு.

எண்ணில் ஒரு தவறு எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒன்று முதல் நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்த்துப் பெற்றோரும் மகிழ்வார்கள், நாமும் மகிழ்வோம். அந்தப் பிள்ளையிடம் ஒரு குவியலைக் காட்டி "எனக்கு ஏழு கொட்டை கொடு" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் கைநிறைய அள்ளிக் கொடுக்கும். ஜூனில் ஐந்து வரை போதும். ஐந்து என்றால் விரல், கொட்டை, படி, தட்டு, ஆள் எதில் கேட்டாலும் ஐந்து எடுக்கத் தெரியவேண்டும்.

அடி வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. காதைத் திருகுவதும் முட்டி போடவைப்பதும் இதில் அடக்கம். "நாலு போடு போடுங்க டீச்சர், அப்பத்தான் படிப்பான்" என்று பெற்றோரே சொல்வார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் அடிவாங்கிய பிள்ளை உங்களிடம் பேசாது, அப்புறம் அந்த நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது.

வராத பிள்ளை

பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் வந்திருக்காது. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் மழை பிடிக்கும் வரை அங்கேயே இருப்பார்கள். சிலர் ஜூன் கடைசியில் வருவார்கள், சிலர் ஜூலையில். கரும்பு வெட்டப் போனவர்கள் நிலையும் அப்படித்தான். மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போங்கள். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு, எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, போனில் பெற்றோரோடும் பிள்ளையோடும் பேசுங்கள். சூளைக்குப் பக்கத்தில் பள்ளி இருந்தால் அங்கே உட்காரவைக்க வட்டார வளமைய (வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் மையம்) ஆசிரியப் பயிற்றுநர் மூலம் ஏற்பாடு செய்யமுடியும்.

தாமதமாக வரும் பிள்ளைக்கு அதன் முதல் நாள்தான் முதல் நாள். அன்றைக்கும் பள்ளியைச் சுற்றிக் காட்டுங்கள், தாழ்ப்பாளைக் காட்டுங்கள், களிமண்ணைக் குழையுங்கள். மற்ற பிள்ளைகள் இப்போது பழையவர்கள், அவர்களே எல்லாம் காட்டிவிடுவார்கள்.

பெற்றோர், தாள் வேலை

முதல் மாதத்திலேயே பெற்றோரை ஒருமுறை உட்காரவைத்துப் பேசுங்கள். குற்றம் சொல்ல அழைக்க வேண்டாம். பிள்ளை செய்த களிமண் தோசையையும் சுவரில் போட்ட கோட்டையும் காட்ட அழையுங்கள். "இன்னும் ஒண்ணும் எழுதலையே" என்று கேட்பார்கள். பக்கத்துத் தனியார் பள்ளிப் பிள்ளை நோட்டு நிறைய எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள், அந்தக் கவலை நியாயமானது. ஏன் பொறுத்துச் செய்கிறோம் என்பதை விளக்குங்கள், எந்த மாதத்தில் வாசிக்கும் என்று ஒரு காலத்தையும் சொல்லுங்கள். வீட்டில் அவர்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: படுக்கும்போது இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டு, பத்து நிமிடம் காது கொடுக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராலும் இதைச் செய்யமுடியும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்தான். தாழ்ப்பாள், மோட்டார், சுற்றுச்சுவர் போன்றவற்றை அந்தக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடவைத்தால் வேலை நடக்கும். எங்கே புகார் சொல்வது என்று தெரியாதவர்களுக்காக இரண்டு உதவி எண்களைச் சுவரில் எழுதிவையுங்கள்: குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417.

எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் இணையதளம்) பதிவு, விலையில்லாப் புத்தகம், சீருடை, காலணி கணக்கு எல்லாம் வந்துகொண்டே இருக்கும். அவற்றை மூன்றரை மணிக்குப் பிறகு வையுங்கள். வகுப்பு நேரத்தில் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு பிள்ளை தானாக ஏதோ சொல்ல வந்து, நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போகும்.

ஜூன் கடைசி வேலை நாள் சாயங்காலம் அந்த நூறு பக்க நோட்டை எடுத்துப் புரட்டுங்கள். சில பக்கங்களில் பெயர் மட்டும் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. என் வகுப்பில் எந்த ஆண்டும் இரண்டு மூன்று பக்கமாவது அப்படி இருக்கும். அந்தப் பெயர்களைத் தனித்தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பாய் விரிக்கும்போது அந்தப் பிள்ளைகளை உங்கள் வலது கைப் பக்கம் உட்காரவையுங்கள்.